மொரப்பூர்ச் சிறு பாதையும் நியாயக் கூலியும்

சென்னையிலிருந்து சேலம் வழியாகக் கோவை செல்லும் இருப்புப் பாதையில் மொரப்பூர் ஒரு சிறிய நிலையம். விரைவு வண்டிகள் பல அங்கு நிற்பதில்லை. நிற்பவையும் இரண்டொரு நிமிடத்தில் புறப்பட்டுவிடும். இந்த ஊரிலிருந்து ஒரு காலத்தில் தருமபுரிக்கும், அங்கிருந்து ஓசூருக்கும் தனியாக ஒரு சிறு இரயில் ஓடியது என்றால் இன்றைய இளைஞர்கள் வியப்படைகிறார்கள். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலமே கொண்ட குறும்பாதை அது. அதன் கதையைச் சொல்லத் தொடங்கினால், சரக்கை ஏற்றிச் செல்பவன் எவ்வளவு கூலி வாங்கலாம், அந்தக் கூலி நியாயமானது என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவர் யார் என்னும் பழைய வழக்குக்குள் நுழைந்துவிடுவோம். அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

1862ஆம் ஆண்டளவில் சென்னை இரயில்வேக் கம்பெனியின் பெரிய பாதை கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைத்துவிட்டது. ஆனால் அப்போதைய சேலம் மாவட்டத்தின் வடபகுதி, அதாவது பின்னாளில் 1965இல் தருமபுரி மாவட்டம் எனப் பிரிந்த வறண்ட நிலம், பாதையின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட துயரம் சொல்லி முடியாதது. மாட்டு வண்டியில் தானியம் கொண்டுசெல்ல வேண்டுமானால் மாடுகளுக்குத் தீனியும் தண்ணீரும் வேண்டும். பஞ்சத்தில் அவை ஏது? ஆகவே 1880இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணைக் குழு, வறட்சிப் பகுதிகளுக்குப் பாதுகாப்புப் பாதைகள் போட வேண்டுமென்று வற்புறுத்தியது. கால் நூற்றாண்டு கழித்தே அதன் பலன் நம் பகுதிக்கு வந்தது. 1905இல் திருப்பத்தூர் – கிருஷ்ணகிரிப் பாதை, 1906இல் மொரப்பூர் – தருமபுரிப் பாதை, 1913இல் தருமபுரியிலிருந்து ஓசூர் வரை அதன் நீட்சி. 1908 தொடக்கத்தில் இவற்றின் நிர்வாகம் தென்னிந்திய இரயில்வேயிடம் சென்றது. கிருஷ்ணகிரிப் பாதை 1936இலும், மொரப்பூர்ப் பாதை போர்க்காலத்தில் 1941இலும் மூடப்பட்டன. முப்பத்தைந்து ஆண்டு வாழ்வுதான்.

பாதை இருந்தால் பஞ்சம் தீரும் என்று நம்பியவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. தானியம் தானே நடந்து வருவதில்லை. கூலி கொடுத்தால்தான் வருகிறது. மொரப்பூரில் ஐந்தரை அடிப் பாதையின் பெரிய வேகனிலிருந்து இரண்டரை அடிப் பாதையின் சிறிய வேகனுக்கு ஒவ்வொரு மூட்டையையும் கைமாற்ற வேண்டும். இறக்குவதற்கு ஆள், ஏற்றுவதற்கு ஆள், சிந்துவது, கிழிவது, காத்திருப்பது என எல்லாம் செலவு. இதற்குமேல் நிலையக் கட்டணம் வேறு. நூறு மைல் செல்லும் மூட்டைக்கும் பதினெட்டு மைல் செல்லும் மூட்டைக்கும் ஏற்றி இறக்கும் உழைப்பு ஒன்றே ஆதலால், குறுகிய தூரத்துச் சரக்கின்மேல் இந்தச் சுமை பன்மடங்காக விழும். தருமபுரிப் புளியும் கேழ்வரகும் குறுந்தூரச் சரக்குகளே. 1930களில் லாரி வந்தபோது வியாபாரிகள் அதன் பின்னால் சென்றதில் வியப்பென்ன? வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கும் வண்டியோடு, மூன்று இடத்தில் கைமாறும் சரக்கு எப்படிப் போட்டியிட முடியும்?

நமது ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு இந்த விவகாரம் புதிதன்று. ஒருவருக்கு மட்டும் வேலை செய்யும் கூலியாளை ‘அஜீர் காஸ்’ என்றும், கேட்டு வருவோர் அனைவருக்கும் வேலை செய்பவனை ‘அஜீர் முஷ்தரக்’ என்றும் நம் அறிஞர்கள் பிரித்தார்கள். ஊராருடைய சுமையைத் தூக்கும் சுமைகாரனும் ஒட்டகக்காரனும் படகுக்காரனும் இரண்டாம் வகையினர். இரயில்வேயும் அவ்வகையே. கூலி பேசாமல் வேலை நடந்துவிட்டாலோ, பேசிய ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டாலோ கொடுக்க வேண்டியது ‘அஜ்ருல் மிஸ்ல்’, அதாவது ஒத்த வேலைக்கு ஒத்த கூலி. துருக்கி உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு, அந்தக் கூலியை மதிப்பிட வேண்டியவர்கள் தன்னலச் சார்பு இல்லாத, விஷயம் தெரிந்த நிபுணர்கள் என வரையறுக்கிறது. தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும், தன் பை நிறையாதவனாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது எத்தனை கடினம் என்பதையே இந்திய இரயில்வேயின் கட்டண வரலாறு காட்டுகிறது.

1890ஆம் ஆண்டின் இந்திய இரயில்வேச் சட்டம், எந்த நிர்வாகமும் ஒருவருக்கோ ஓர் ஊருக்கோ ஒரு வகைச் சரக்குக்கோ தகாத சலுகை காட்டக் கூடாது என்று 42ஆம் பிரிவில் விதித்தது. இந்த விதி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கு 1854ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. அதைக் கொண்டு 1878இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு மிகப் பிரசித்தம். பர்ட்டன் நகரத்தில் சில மதுபான ஆலைகளுக்குப் போட்டிக் கம்பெனியின் தண்டவாளம் ஆலைக்குள்ளேயே வந்திருந்தது. அவர்களுடைய சரக்கைத் தன் பக்கம் இழுப்பதற்காக, லண்டன் வடமேற்கு இரயில்வே ஆலையிலிருந்து நிலையம் வரையிலான வண்டிச் சத்தத்தை அவர்களுக்கு மட்டும் தள்ளிக் கொடுத்தது. அந்த வசதியற்ற எவர்ஷெட் என்பவரிடம் முழுத் தொகையும் வாங்கியது. சரக்கு என்னவோ நமக்கு ஆகாத சரக்கு. நீதி மட்டும் எல்லாருக்கும் உரியது. ஒரே சேவைக்கு இருவரிடம் இரு கூலி வாங்கியது தவறு என்று தீர்ந்து, எவர்ஷெட் மிகையாகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றார். திரும்பப் பெற்றார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இந்தியாவில் விதி வந்தது, விதியைச் செலுத்தும் மன்றம் வரவில்லை. சாதாரண நீதிமன்றங்கள் இத்தகைய முறையீட்டைக் கேட்பதற்கு அதே சட்டம் தடை போட்டது. அதற்குப் பதிலாக ‘இரயில்வே கமிஷனர்கள்’ விசாரிப்பார்கள் என்றது. அந்தக் கமிஷனர்கள் நிரந்தரமாக அமர்ந்திருப்பவர்கள் அல்லர். முறையிடுபவர் அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்க, அரசாங்கம் விரும்பினால் அந்த ஒரு வழக்குக்காக நியமிக்கப்படுபவர்கள். அரசாங்கமோ பல பாதைகளின் சொந்தக்காரர். மற்றவற்றுக்கு வட்டி உத்தரவாதம் கொடுத்தவர். பிரதிவாதியின் அனுமதியைப் பெற்ற பிறகு வழக்குத் தொடுப்பது போன்ற ஏற்பாடு இது. எத்தனை வியாபாரிகள் அந்தப் படியேறியிருக்க முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் குறைகள் குறைகளாகவே தங்கின. அரசாங்கம் உச்சக் கட்டணமும் அடிமட்டக் கட்டணமும் விதித்து, இடையில் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளக் கம்பெனிகளுக்கு இடம் கொடுத்திருந்தது. துறைமுகத்துக்குச் செல்லும் கச்சாப் பொருளுக்கும் துறைமுகத்திலிருந்து வரும் சீமைச் சரக்குக்கும் சலுகை. உள்நாட்டில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரின் ஆலைக்குச் செல்லும் பொருளுக்குக் கூடுதல் கட்டணம். பச்சைத் தோல் கப்பலேறுவதற்குக் குறைந்த சத்தமும், நாட்டுத் தொழிற்சாலைக்குச் செல்வதற்கு மிகுந்த சத்தமும் இருந்தால் தோல் பதனிடுபவன் எப்படி வாழ்வான்? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களின் குடும்பங்கள் இதைப் படிக்கும்போது தம் பாட்டனார்களை நினைத்துக்கொள்வார்கள். 1916 முதல் 1918 வரை ஆராய்ந்த இந்தியத் தொழிற்கமிஷனும் துறைமுகச் சார்பான இந்தக் கட்டண முறையைக் குறைகூறி, உள்நாட்டுச் சரக்குக்கும் சம நிலை வேண்டும் என்றது. ‘பிளாக் ரேட்’ என்று இன்னொரு தந்திரமும் இருந்தது. தன் பாதையில் சிறிது தூரம் சென்று வேறொரு கம்பெனியின் பாதைக்கு மாறிவிடும் சரக்குக்கு, அந்தச் சிறிது தூரத்துக்கே வேண்டுமென்றே உயர்ந்த கட்டணம் விதித்து வழிமறிப்பதற்கு அப்பெயர்.

கூலி மிகுவது மட்டுமே அநியாயம் என்று கருதிவிடக் கூடாது. அளவு கடந்து குறைப்பதும் ஓர் ஆயுதமே. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கி அதற்கு முதுகெலும்பாக நின்றதை நம் சமுதாயம் மறந்திருக்காது. அந்தக் கம்பெனியை வீழ்த்த வெள்ளையர் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் துணிந்ததல்லவா? எதிரி ஒழிந்த மறுநாள் கூலி பழைய நிலைக்கு ஏறிவிடும். கடலில் அடிமட்டக் கட்டணம் விதிப்பார் இல்லை.

1920இல் அமைந்து 1921இல் அறிக்கையளித்த ஆக்வொர்த் குழுவில் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியாரும் உறுப்பினர். கட்டண வழக்குகளுக்கென்றே ஒரு நிரந்தரத் தீர்ப்பாயம் வேண்டும், சட்டம் அறிந்த தலைவர் ஒருவரும் இரயில்வே அறிந்த ஒருவரும் வணிகம் அறிந்த ஒருவரும் அதில் அமர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. மஜல்லா கேட்ட ‘விஷயம் தெரிந்த, சார்பற்ற’ மனிதர்களை மூன்றாகப் பிரித்து ஒரே மேசையில் உட்கார வைக்கும் யோசனை என்று இதை நாம் புரிந்துகொள்கிறோம். அரசாங்கம் 1926இல் அமைத்ததோ ‘இரயில்வே கட்டண ஆலோசனைக் குழு’. நம் மாகாணத்தைச் சேர்ந்த சர் பி.நரசிம்ம சர்மா அதன் தலைவரானார். மூன்று நாற்காலிகளும் இருந்தன; தீர்ப்புச் சொல்லும் அதிகாரம்தான் இல்லை. குழு ஆலோசனை கூறும். ஏற்பதும் தள்ளுவதும் அரசாங்கத்தின் விருப்பம். மொரப்பூர்ப் பாதை மூடப்பட்டபோதும் நாட்டில் இருந்தது இந்த ஆலோசனைக் குழுதான்.

நாடு விடுதலை அடைந்த பின் 1948இல் சட்டம் திருத்தப்பட்டு, 1949இல் உண்மையான அதிகாரமுள்ள இரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் பிறந்தது. வியாபாரிகள் ‘ரேட்ஸ் டிரிப்யூனல்’ என்பார்கள். அதன் தலைமையிடமாகச் சென்னை விளங்கியது என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை. தகாத சலுகை காட்டப்பட்டால், கட்டணம் நியாயமற்றதாக இருந்தால், வேறு கட்டணங்கள் அநியாயமாக வசூலிக்கப்பட்டால் எவரும் நேராக முறையிடலாம். அரசாங்கத்தின் அனுமதி வேண்டுவதில்லை. அறுபது ஆண்டுக் காலத் தாகம் தணிந்தது போலத் தோன்றியது.

அந்தத் தீர்ப்பாயத்தின் எல்லை எதுவென்று காட்டிய வழக்கு வடக்கே தோன்றியது. தில்லிக்கு அருகிலுள்ள ஷாதராவிலிருந்து சகாரன்பூர் வரை மார்ட்டின் கம்பெனியார் நடத்திய ஒரு சிறு பாதை 1907 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நம் மொரப்பூர்ப் பாதையைப் போல இரண்டரை அடி அகலப் பாதையே. அதன் வழியில் ஷாம்லி என்னும் ஊரில் அப்பர் தோவாப் சர்க்கரை ஆலை இருந்தது. சுற்று வட்டாரத்து நிலையங்களிலிருந்து ஆலைக்குக் கரும்பு கொண்டுவருவது இந்த இரயில். கரும்பு வெட்டியபின் காத்திருக்காது. நாள் கடந்தால் எடையும் சாறும் குறையும். கரும்பு வருவது நின்றால் ஆலை நிற்கும். இப்படி ஒருவரையொருவர் சார்ந்த இரு தரப்பாரும் கூலிக்காக நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் அலைந்தார்கள். நிலையக் கட்டணம் பற்றிய அவர்களுடைய வழக்கொன்று 1960இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அது ஓய்வதற்குள் அடுத்த வழக்கு.

1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் கரும்புக்கு வாங்கப்பட்ட கட்டணம் நியாயமற்றது. நியாயமான கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும். மிகையாக வாங்கியதைத் திருப்பித்தர வேண்டும். ஆலையின் கோரிக்கை இவ்வளவே. வழக்கு 1962இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. சட்டத்தின் வாசகம் ‘வசூலிக்கிறது’ என்று நிகழ்காலத்தில் இருக்கிறது. எனவே தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது முறையீடு வந்தபோதுள்ள கட்டணத்தையும் அதற்குப் பிறகு வருவதையும் தான். முன்பு கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி ஆணையிட அதற்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் கூறியது.

அரபு இலக்கணம் ஓதிய நமக்கு, ஒரு வினைச்சொல்லின் காலம் எத்தனை பெரிய உரிமையைத் தரவும் பறிக்கவும் கூடும் என்பது தெரியாததன்று. ஆயினும் இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு சிறிது கனக்கிறது. நீதிபதிகளைக் குறை சொல்ல இடமில்லை. அவர்கள் எழுதியிருந்ததை வாசித்தார்கள். எழுதியவர்கள்தாம் ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். எவர்ஷெட் வழக்கு சலுகை பற்றியது, இது கட்டணத்தின் நியாயம் பற்றியது என்று சட்ட வல்லார் வேறுபாடு காட்டலாம். ஆனால் பணம் கொடுத்தவன் கண்ணுக்கு, 1878இல் ஓர் ஆங்கிலேய வியாபாரிக்குக் கிடைத்தது 1962இல் ஓர் இந்திய ஆலைக்குக் கிடைக்கவில்லை என்பதே தெரியும். முறையீடு செய்யும் நாள்வரை கொடுத்தது கொடுத்ததுதான் என்றால், தாமதம் முழுவதும் வாங்கியவனுக்கே இலாபம். ஷாம்லி ஆலைக்காவது வழக்கறிஞர்களை அமர்த்தும் வசதி இருந்தது. இருபது மூட்டை அனுப்பும் சிறு வியாபாரி என்ன செய்வான்?

நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், உறவுமுறையில் பெரியத்தா ஆகும் ஒருவரைக் காணச் செல்வோம். மொரப்பூர்ப் பக்கத்தில் புளியும் மாங்காயும் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பியவர். பழைய தகரப் பெட்டி ஒன்றில் இரயில்வே ரசீதுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். ஒருநாள் ஒரு கட்டைப் பிரித்து, “இந்தா தம்பி, நீ கணக்குப் படிச்சவன்தானே, கூட்டிப் பாரு” என்றார். ஒரே இடத்துக்குப் போன இரண்டு சரக்கு, எடையும் ஒன்றே, தூரம் மட்டும் இரண்டு ரசீதிலும் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. “கேட்டீங்களாத்தா?” என்றோம். கேட்டிருக்கிறார். எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டா. ஆறு மாதத்துக்குள் எழுதியிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்ததாம். தொகை நாற்பது ரூபாய்க்குள்தான். “காசு போனா போகுது, ரோடு நீண்டுபோச்சுன்னு ஒத்துக்கவாவது செய்யலாமில்ல” என்று சொல்லிப் பெட்டியை மூடினார். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ரசீதுகள் என்னவாயின என்று தெரியவில்லை.

1989ஆம் ஆண்டின் புதிய இரயில்வேச் சட்டம் தீர்ப்பாயத்தைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. முறையிடும் உரிமை 36ஆம் பிரிவில் இருக்கிறது. அடுத்த 37ஆம் பிரிவிலேயே அதற்கு வேலியும் இருக்கிறது. எந்தச் சரக்கு எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று பிரிப்பதும், வேகனைத் தாமதித்தால் வாங்கும் டெமரேஜும், பார்சல் கட்டணமும் தீர்ப்பாயத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டவை. வகுப்பை மாற்றினாலே கட்டணம் மாறிவிடும் என்பது வணிகர் அனைவரும் அறிந்தது. கதவைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொண்டதாகவே நாம் இதைக் கருதுகிறோம். இரயில்வேயின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. பயணிகள் கட்டணத்தில் ஏற்படும் இழப்பைச் சரக்குக் கட்டணமே ஈடுசெய்து வருகிறது. நாமும் நம் பிள்ளைகளும் குறைந்த கட்டணத்தில் ஊருக்குப் போய்வருவதன் விலையில் ஒரு பங்கை நிலக்கரியும் சிமென்டும் செலுத்துகின்றன. அவை நம் மின்கட்டணத்திலும் வீட்டுச் செலவிலும் திரும்ப வருகின்றன என்பது வேறு.

சென்னையில் இருந்த தீர்ப்பாயம் 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி தனித்தன்மை இழந்து, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் இரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்துடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ‘இரயில் வளர்ச்சி ஆணையம்’ என ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. பயணக் கட்டணமும் சரக்குக் கட்டணமும் எவ்வளவு இருக்கலாம் என்று அது ஆலோசனை கூறுமாம். 1926இல் கேட்ட சொல் 91 ஆண்டு கழித்து மீண்டும் காதில் விழுந்தது. அமெரிக்காவில் விவசாயிகளின் கிளர்ச்சியால் 1887இல் தோன்றிய மாநிலங்களிடை வணிக ஆணையமும் 1995 இறுதியில் கலைக்கப்பட்டது. அங்கே கம்பெனிகளுக்குள் போட்டி உண்டு, லாரி உண்டு, ஆகவே கட்டுப்பாடு வேண்டா என்றார்கள். இங்கே தண்டவாளத்துக்கு உரியவர் ஒருவரே.

பெரியத்தாவின் தகரப் பெட்டியை நினைவூட்டும் ஒரு தீர்ப்பு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாத் நிலையத்திலிருந்து அரியானாவின் ஹிசாருக்கு இந்தியன் ஆயில் நிறுவனம் அனுப்பிய சரக்குக்கு 444 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்கப்பட்டிருந்தது. சரியான தூரம் 334 கிலோமீட்டர். ஆறு மாதத்துக்குள் கேட்கவில்லை, எனவே திருப்பித் தர இயலாது என்பது இரயில்வேயின் வாதம். இது கணக்குப் பிழையால் நேர்ந்த மிகைக் கட்டணம் அன்று, சட்டத்தின் ஆதரவே இல்லாத வசூல். ஆகவே அந்த ஆறு மாத வரம்பு இதற்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஓடாத 110 கிலோமீட்டருக்குக் கூலி கேட்க எவருக்கும் உரிமை இல்லையென ஆயிற்று.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் பாதை போடும் திட்டத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். இம்முறை அகலப் பாதை. மூட்டையைக் கைமாற்றும் தொல்லை இராது. பழைய சிறு பாதையின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். புதிய திட்டத்தில் 36 என்று எழுதியிருக்கிறார்கள்.